வழக்குரையும் குளிர்த்தியும்
கண்ணகை அம்மன் ஐதிகங்கள் பற்றிச் சில கருத்துக்கள்

ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலிற் பொங்கல் நிகழ்கின்றது. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து பெருந்திரளான மக்கள் நந்திக்கடற் களப்பின் கரையிலுள்ள அக்கோயிலுக்குச் செல்கின்றனர். பொங்கற் பானைகளோடு கதைகளும் செல்கின்றன. கடல்நீரில் விளக்கெரிந்த கதை, கிழவியின் தலையில் ஆயிரம் கண்களைக் கண்ட கதை, வெள்ளைக்காரத் தளபதியின்மேற் பன்னிச்சைக் காய்கள் பொழிந்த கதை என்பன தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகின்றன. இன்று அவை கோயில் மலர்களிலும் பத்திரிகைகளின் சிறப்பிதழ்களிலும் அச்சேறி, ஒரே வடிவிலே திரும்பத் திரும்ப வெளிவருகின்றன.

இக்கதைகளைப் பற்றிக் கற்றோர் கொள்ளும் நோக்கு பெரும்பாலும் இருவகைப்பட்டது. ஒரு சாரார், சைவ ஆகம நெறிக்கு ஒவ்வாத பாமரர் பேச்சென்று இவற்றைக் கண்டு கூச்சமுறுகின்றனர். கூச்சம் தீர அவற்றைத் திருத்தி, அம்மனை உமாதேவியின் அவதாரமாக்கி அமைதி காண்கின்றனர். மற்றொரு சாரார், விஞ்ஞானத்தின் பேரால் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு, தமது முற்போக்குக் கடமை முடிந்ததென எண்ணுகின்றனர். முன்னையவர் கதையை மாற்றுகின்றனர். பின்னையவர் கதையைக் கேட்பதேயில்லை. கதை சொன்ன மக்கள் யார், எந்தத் தேவையினால் அதனைச் சொன்னார்கள், எதை எதிர்த்து அல்லது எதற்கு அஞ்சிச் சொன்னார்கள் என்னும் வினாக்களை இரு சாராருமே எழுப்புவதில்லை. இவ்வினாக்களே இலக்கிய விமரிசனத்துக்கு முதன்மையானவை என்பது எமது கருத்து.

வற்றாப்பளை ஐதிகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நந்திக்கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு முதிய பெண் வந்தாள். தனக்குப் பசிக்கிறது என்றாள். சிறுவர் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தனர். பொழுது இருண்டது, விளக்கேற்றுமாறு அவள் கூறியபோது, எண்ணெய் இல்லையே என்று அவர்கள் கலங்கினர். கடல்நீரை எடுத்து விளக்கேற்றுங்கள் என்றாள். அவர்கள் அவ்வாறே செய்ய, விளக்கு எரிந்தது. பின்னர்த் தன் தலையைச் சற்றுப் பார்க்கும்படி அவள் கேட்டாள். பேன் பார்க்கச் சென்ற சிறுவர் அவள் தலையில் ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்தனர். அக்கணமே அவள் மறைந்தாள். மதுரையை எரித்து இலங்கைக்கு வந்த கண்ணகி பல இடங்களிலே தங்கிப் பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவாகலின் ‘பத்தாம் பளை’ எனப் பெயர் பெற்று, அதுவே வற்றாப்பளை என மருவிற்று என்பர்.

இக்கதையில் அம்மன் யாரிடம் வருகின்றாள் என்பதைக் கவனித்தல் வேண்டும். வன்னியரசரின் கனவில் அவள் தோன்றவில்லை. வேதம் ஓதியவரிடத்தும் போகவில்லை. ஊர்க் கணக்கிலே கடைசி இடத்திலிருக்கும் மாட்டுக்காரச் சிறுவரிடம், பசித்த கிழவியாக வருகின்றாள். அவர்களிடம் உள்ளது கொஞ்சம் அரிசி, இல்லாதது எண்ணெய். வன்னிப் பெருநிலத்தின் பழைய பொருளாதாரம் முழுவதும் இச்சிறு காட்சியிலே அடங்கியிருக்கின்றது. குளத்தை நம்பிய நெல்வயல், களப்பை நம்பிய மீன்பிடி, காட்டுவெளியை நம்பிய மாட்டுப்பட்டி ஆகிய மூன்றும் சந்திக்கும் கரையிலேதான் கதை நிகழ்கின்றது. பேன் பார்த்தலோ ஏழை வீட்டுத் திண்ணையில் நிகழும் அன்றாடச் செயல். தெய்வத்தை இவ்வளவு அண்மையிலே வைத்துத் தொட்டுப் பார்க்கும் துணிவு, கருவறைக்கு வெளியே நிற்கப் பழகிய மக்களின் கற்பனைக்கே உரியது.

ஆயிரம் கண்கள் எவற்றைக் குறிக்கின்றன? அம்மை நோயினால் உடலெங்கும் எழும் கொப்புளங்களைத் தெய்வத்தின் கண்களாகவும் முத்துக்களாகவும் காண்பது தமிழ்ப் பேச்சு வழக்கிலே ஊறிப்போன உருவகம். அம்மனை ஆயிரங் கண்ணுடையாள் என்பதும் அவ்வுருவகத்தின்பாற் பட்டதே எனலாம். நோயின் கொடுமையை அழகிய பெயரிட்டு அழைத்துத் தணிக்க முயலும் அச்சம் அங்கே தெரிகின்றது. பெயருக்குப் பின்னே புதைக்கப்பட்ட குழந்தைகள் எத்தனையோ!

கடல்நீர் விளக்கைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் நீர் மொண்டு, அதனை முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து விளக்கேற்றிப் பேணி, பின்னர் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்வது வழக்கம். உப்புநீர் எரிபொருளன்று என்பதை இரசாயனத்தின் முதற்பாடம் படித்த மாணவனும் அறிவான். அந்த அறிவில் நாம் அணுவளவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும், ‘எரியுமா, எரியாதா?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுபவர் கதையின் ஓர் உண்மையைத் தவறவிடுகின்றனர். எண்ணெய் விலைகொடுத்து வாங்கப்படுவது; கடல் எவருக்கும் சொந்தமில்லாதது. காசில்லாதவனும் ஏற்றக்கூடிய ஒரு விளக்கை அந்தக் கற்பனை படைத்திருக்கின்றது. வற்றாப்பளை விளக்கு இன்மையின் இருளில் ஏற்றப்பட்ட ஆசை. அதனை ஆசையென்று கூறுவதால் அதன் மதிப்புக் குறையாது. மாறாக, அதனை நிரூபிக்கப்பட்ட அற்புதம் என்று விளம்பரம் செய்து, ஒரு கோயிலின் பெருமையை மற்றொரு கோயிலுக்கு மேலாக உயர்த்தப் பயன்படுத்தும்போதே அது மலிவடைகின்றது.

பன்னிச்சை மரத்தின் கதையும் இத்தகையதே. அந்நியர் ஆட்சிக் காலத்தில் குதிரையேறி வந்த வெள்ளைக்காரத் தளபதி ஒருவன் அம்மனை இகழ்ந்து, சக்தி இருந்தாற் காட்டு என்று அறைகூவினான்; கோயில் முன்றிலில் நின்ற பன்னிச்சை மரம் தானே ஆடி, காய்களை அவன்மேற் பொழிந்து விரட்டிற்று என்பது கதை. யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் 1619இற் கைப்பற்றியதையும், தமிழ்ப் பகுதிகளிலே கோயில்கள் இடிக்கப்பட்டதையும் வரலாறு கூறும். துப்பாக்கி ஏந்தியவன் வென்ற காலத்திலே, மரத்தின் காய்கள் அவனை வெல்லும் ஒரு கதை பிறந்தது. நிகழ்ந்ததற்கு நேர்மாறானதைச் சொல்லி மானத்தைக் காத்துக்கொள்ளுதல் தோற்றவரின் உரிமை. ஆனால் அதனை வரலாறென்று படிப்பித்தால், தோல்விக்கு உண்மையான காரணங்கள் எவை என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லாமற் போய்விடும்.

இனி, இக்கதைகளின் வேர் எங்கே செல்கின்றது என்பதைப் பார்ப்போம். சிலப்பதிகாரத்தின் இறுதிப் பகுதியில், சேரன் செங்குட்டுவன் வஞ்சியிற் பத்தினிக் கடவுளுக்கு எடுத்த கோயிலின் நிகழ்ச்சியில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இடம் பெறுகின்றான். இக்குறிப்பைக் கொண்டே கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகு கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொணர்ந்தான் என்று பலரும் எழுதிவந்தனர். சங்க காலத்தையே அதனைக்கொண்டு கணித்தனர். ஆனால் மகாவம்சம் கஜபாகுவைப் பற்றிக் கூறுமிடத்துப் பத்தினி வழிபாட்டைப் பற்றி எதுவும் கூறவில்லை. அவன் சோழநாட்டுக்குப் படையெடுத்துச் சிறைப்பட்டோரை மீட்டு, பத்தினியின் சிலம்புகளையும் கொண்டுவந்தான் என்னும் கதையைப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த இராசாவலியவே சொல்லுகின்றது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர, கஜபாகு கதையை வரலாறாக அன்றி ஐதிகமாகவே கொள்ளவேண்டும் என வாதிட்டார். தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மக்களின் இருப்புக்கு நியாயம் கூறும் கதையாக அதனைக் கண்டார். பத்தினி வழிபாட்டைப் பற்றிய அவரது பெருநூல் 1984இல் வெளிவந்தது.

இதனால் நாம் அறியவேண்டியது யாது? அம்மன் எவருக்குரியவள் என்னும் வழக்கை அரசரின் பெயரால் தீர்க்க இயலாது என்பதே. ‘சிங்கள மன்னன் கொணர்ந்தான், ஆகவே எமது’ என்று ஒருவரும், ‘தமிழ்க் காப்பியத்தில் உள்ளாள், ஆகவே எமது’ என்று மற்றொருவரும் உரிமை கொண்டாடுவர். கண்டியில் நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களோடு பத்தினி தேவாலயமும் நிற்கின்றது. எசல பெரஹராவில் அவளது ஊர்வலமும் செல்கின்றது. சிங்களக் கிராமங்களில் அங்கெலிய என்றும், மட்டக்களப்பிற் கொம்பு விளையாட்டு என்றும் ஒரே சடங்கு நிகழ்ந்துவந்திருக்கின்றது. ஊர் இரு கட்சியாகப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கும். மட்டக்களப்பில் வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. சிங்களத்தில் உடுபில பாலங்கன் கட்சி, யடிபில பத்தினி கட்சி. பெயர்கள்தாம் வேறு. மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் பரவினாலும் இரு மொழி உழவரும் ஒரே தாயிடம் ஒரே விதமாகவே முறையிட்டிருக்கின்றனர். பாணமை போன்ற கிராமத்தில் இவ்வழிபாடு இனப் பிரிவினைக்குள் அடங்காது நின்றதைக் காணலாம். நாட்டின் வரலாற்றை இன எல்லை கொண்டு கூறுபோடுவோருக்கு இச்சான்றுகள் உவப்பாயிரா.

கண்ணகி கதையின் ஈழத்து வடிவத்தைக் காண விரும்புவோர் ‘கண்ணகி வழக்குரை’யை நாடவேண்டும். மட்டக்களப்புக் கோயில்களில் ஏட்டில் இருந்து பாடப்பட்டுவந்த அதனைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை என்றும், வன்னியிற் சிலம்பு கூறல் என்றும் வழங்குவனவும் இக்கதையின் வடிவங்களே. இவற்றைச் சிலப்பதிகாரத்தோடு ஒப்பிட்டு, காப்பியத்தின் சிதைந்த உருவங்கள் என்று தீர்ப்புக் கூறுதல் எமது பண்டித மரபுக்கு இலகுவான காரியமாக இருந்தது. எமது மாணவரும் அத்தீர்ப்பையே பரீட்சை விடையாக எழுதிவருகின்றனர். இலக்கியத்தை ஒரே அளவுகோலால் அளப்பதன் விளைவு இது.

வழக்குரையின் மாற்றங்கள் யாவும் அறியாமையால் நேர்ந்தவை அல்ல. கண்ணகி பாண்டியனின் சோலையில் மாங்கனியாகத் தோன்றுகின்றாள். பாண்டியன் தன் நெற்றிக் கண்ணை அக்கனியால் இழக்கின்றான். அவளால் மதுரைக்கு அழிவு வருமென அஞ்சிக் குழந்தையைப் பேழையில் இட்டு நீரில் விடுகின்றனர்; காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அதனைக் கண்டெடுத்து வளர்க்கின்றனர். இங்கே ஒரு புதிய பொருள் பிறந்துவிடுகின்றது. சிலப்பதிகாரத்தில் அரசன் செய்த அநீதி, ஆராயாது கொன்றமை. வழக்குரையிலோ அநீதி அதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிடுகின்றது. தன் ஆட்சிக்கு ஆபத்து என்று ஒரு பெண்குழந்தையை நீரில் எறிந்த அன்றே பாண்டியன் குற்றவாளி. அவள் அரண்மனை வாயிலில் வந்து நின்றபோது, எறியப்பட்ட குழந்தையே திரும்பிவந்து கணக்குக் கேட்கின்றது.

அடுத்து, கடலோட்டுக் கதையைக் கூறவேண்டும். கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய நாகமணியைப் பெற மீகாமன் கடலோடுகின்றான். வழியில் நெடுந்தீவை ஆண்ட வெடியரசனோடு போர் மூளுகின்றது. இப்பகுதி சிலப்பதிகாரத்தில் இல்லை. தீவுப் பகுதியினதும் கிழக்கு மாகாணத்தினதும் கடலோடிச் சமூகங்கள் தமது மரக்கலங்களையும் தமது வீரர்களையும் தமது பகைகளையும் காப்பியத்தினுள் ஏற்றிவிட்டன. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று இன்றும் ஓர் இடிபாட்டைக் காட்டுவர். அரசரையும் வணிகரையும் பற்றிய ஒரு கதையில், கடலில் உழைப்பவன் தனக்கும் ஒரு காண்டம் வேண்டுமென்று கேட்டுப் பெற்றுக்கொண்டான் என்றே நாம் இதனைக் கருதுகின்றோம்.

அதேவேளை, வழக்குரையைப் புகழ்வதோடு நின்றுவிடுவது விமரிசனமாகாது. கண்ணகியைப் பிறப்பிலேயே தெய்வமாக்கியதன் விளைவாக அவளது மானிடச் சீற்றம் மங்கிவிடுகின்றது. சிலப்பதிகாரத்தின் கண்ணகி வணிகர் குடியிற் பிறந்த சாதாரணப் பெண். கணவன் பிரிந்தபோது பேசாதிருந்தவள், அநீதியின் முன்னே பேசத் தொடங்கினாள். அந்த மாற்றமே காப்பியத்தின் உயிர். முன்னரே தெய்வமாக வந்தவளுக்கு மாறவேண்டிய அவசியமில்லை. எல்லாம் விதித்தபடி நடந்தன என்றால் பாண்டியனும் ஒரு கருவி, பொற்கொல்லனும் ஒரு கருவி. பொறுப்பு எவருக்கும் இல்லை. நிலவுடைமைச் சமுதாயம் தன் குற்றங்களை ஊழின் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வது எமக்குத் தெரிந்த தந்திரமே. மக்கள் கற்பனையும் அத்தந்திரத்துக்குச் சில இடங்களில் இரையாகியிருக்கின்றது.

‘பத்தினி’ என்ற சொல்லைப் பற்றியும் தயக்கமின்றிப் பேசவேண்டும். கண்ணகியின் வல்லமை அவள் கற்பினால் விளைந்தது என்பதே ஐதிகத்தின் கூற்று. இதிலிருந்து, கற்புடையவளுக்கே நீதி கேட்கும் தகுதி உண்டு என்னும் முடிவுக்கு ஆண்கள் எளிதில் வந்துவிடுகின்றனர். எத்தனையோ வீடுகளில் இப்பெயர் பெண்களின் வாயை அடைக்கவே பயன்பட்டிருக்கின்றது. கொல்லப்பட்டவன் குற்றமற்றவன் என்பதே கண்ணகியின் வாதம். சான்று அவள் கையிலிருந்த சிலம்பு. ஒழுக்கச் சான்றிதழ் எதனையும் அவள் அவையில் நீட்டவில்லை. நீதி கேட்க எந்தப் பெண்ணுக்கும் சான்றும் குரலுமே போதும் என்று இக்கதையைப் படிப்பிக்கும் ஆசிரியர் மாணவிகளுக்குச் சொல்லவேண்டும்.

இனிக் குளிர்த்திக்கு வருவோம். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய கிழக்கிலங்கை ஊர்களில், வைகாசியிற் கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறக்கப்பட்டு, வழக்குரை இரவிரவாகப் பாடப்பெற்று, இறுதியிற் குளிர்த்திச் சடங்கு நிகழும். மதுரையை எரித்த வெம்மை தணியாது வந்தவளை ஆயர் குலத்தார் பாலும் வெண்ணெயும் கொண்டு குளிர்வித்தனர் என்பது ஐதிகம். சிலப்பதிகாரத்திலும் மதுரைப் புறஞ்சேரியிற் கண்ணகிக்கு அடைக்கலம் அளித்தவள் மாதரி என்னும் இடைக்குல முதியவளே. அவளைத் தெய்வமாக முதலிற் கண்டோரும் மலைக்குறவரே; அரசன் கல்லெடுத்துக் கோயில் கட்டியது அவர்கள் வந்து சொன்ன பின்னரே. மாதரி முதல் வற்றாப்பளை மாட்டுக்காரச் சிறுவர் வரை ஒரு தொடர்பு இழையோடுகின்றது. அவளை வருத்தியவர் அரண்மனையில் இருந்தனர். ஆற்றியவர் பட்டியிலும் குன்றிலும் இருந்தனர்.

வைகாசி கடுங்கோடை. குளங்கள் வற்றும், வெக்கை நோய்கள் பரவும். பொக்குளிப்பானும் சின்னமுத்தும் வந்தால் ‘அம்மாள் வருத்தம்’ என்று கூறி, வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியே கிடத்தி, இளநீர் முதலிய குளிர்ச்சியான உணவு கொடுத்து, பிறர் வரவைத் தடுப்பது எமது ஊர்களின் வழக்கம். தனிமைப்படுத்துதலிலும் தூய்மை பேணுதலிலும் அனுபவ அறிவு உண்டு, அதனை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் ‘அம்மாள் வந்திருக்கும்போது மருந்து கொடுக்கலாகாது’ என்ற தடை பல உயிர்களைக் குடித்ததையும் மறைக்கலாகாது. ஜென்னரின் அம்மைப்பால் 1802இல் இலங்கையை வந்தடைந்தது. 1980இற் பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இதனைச் சாதித்தவை விஞ்ஞானமும், வீடு வீடாகச் சென்ற தடுப்பூசி ஊழியரின் கால்களும், நாடுகளின் கூட்டுமுயற்சியுமே. அம்மனின் கோபத்துக்கு அஞ்சி வாழ்ந்த மக்களை நாம் ஏளனம் செய்யவில்லை. அவர்களுக்கு வேறு மருந்து கிடைக்கவில்லை. மருந்து கிடைத்த பின்னும் அச்சத்தை வளர்ப்பவரே கண்டனத்துக்குரியர்.

இவ்வைதிகங்களுக்கு யாழ்ப்பாணத்தில் நேர்ந்த கதி தனியே ஆராயத்தக்கது. தமிழ் உரைநடைக்கும் கல்விக்கும் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆற்றிய பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. மிசனரிமாரின் பிரசாரத்தை எதிர்கொள்ள ஓர் ஒழுங்குபட்ட சைவம் அவருக்குத் தேவைப்பட்டது. அந்த ஒழுங்கிலே கண்ணகிக்கு இடம் இருக்கவில்லை. சமண சமயச் சார்புடைய ஒரு செட்டிப் பெண்ணைச் சைவர் வணங்கலாமா என்ற கேள்வியோடு அவர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார், உயிர்ப்பலியையும் எதிர்த்தார். காலப்போக்கிற் குடாநாட்டின் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் நாமம் மாறின. ஆகம முறைப் பூசை புகுந்தது. ஊர்ப் பூசாரி விலக, குருக்கள் வந்தார். கோவலனார் கதைப் படிப்பு நின்றது.

உயிர்ப்பலி ஒழிந்ததை நாம் வரவேற்கின்றோம். ஆனால் பலியோடு கதையும் போயிற்றே! கண்ணகிக்கு ஒரு வழக்கு உண்டு. இராசராசேசுவரிக்கு வழக்கு இல்லை. அவள் அரசர்க்கெல்லாம் அரசி. அரசனை எதிர்த்து அவள் எவ்விடத்துச் சென்று முறையிடுவாள்? சிலம்போடு அவையேறிய பெண்ணை அகற்றி, சிம்மாசனத்தில் அமர்ந்த தேவியை வைத்தமை வெறும் பெயர் மாற்றமன்று. மேல்நிலைச் சாதியினரின் சமுதாய ஒழுங்குக்கு ஏற்ற தெய்வம் அங்கே அமைந்தது. இவ்வொழுங்கின் இயல்பு யாது என்பதை 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நாடு கண்டது. தாழ்த்தப்பட்ட மக்கள் உட்புக முயன்றபோது சைவத்தின் பேராலேயே வழி மறிக்கப்பட்டது.

நாட்டார் கோயில்களில் எல்லாம் சமத்துவம் நிலவிற்று என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். கிழக்கிலும் கோயிற் கடமைகள் சாதி வாரியாகவும் குடி வாரியாகவும் பங்கிடப்பட்டே உள்ளன. இன்னின்னாருக்கு இன்னின்ன பணி, இன்னின்னார் நிற்குமிடம் இவ்வளவு தூரம் என்ற கணக்கு அங்கும் உண்டு. மாட்டுக்காரச் சிறுவரிடம் வந்த தெய்வத்தின் கோயிலில், அச்சிறுவரின் வழிவந்தோர் எங்கே நிற்கின்றனர் என்று ஒவ்வொரு கோயிலிலும் கேட்டறிதல் வேண்டும். ஐதிகத்தைக் கொண்டே நடைமுறையை விசாரிப்பது எமக்குக் கிடைத்துள்ள நல்ல கருவியாகும்.

இவையனைத்தும் பழங்கதை ஆராய்ச்சியோடு முடிந்துவிடுவன அல்ல. 2009 மே மாதத்தில் யுத்தத்தின் இறுதி நாட்கள் கழிந்தது இதே நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலேயே. வைகாசிப் பொங்கலின் காலமும் அந்நினைவின் காலமும் ஒன்றையொன்று தொட்டே வருகின்றன. பொங்கலுக்கு வரும் பெண்களிற் பலர் அக்கரையிலே உறவுகளை இழந்தோர். சிலர் கையிலே ஒப்படைத்த பிள்ளைக்கு என்ன நேர்ந்ததென்று அறியாதோர். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். தாய்மார் தமது பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி அமர்ந்தனர். சிலம்பைச் சான்றாக ஏந்திய பெண்ணின் கதையை அறிந்த எவரும், படத்தைச் சான்றாக ஏந்திய பெண்ணைக் கண்டு தலைகுனியாதிருக்க முடியாது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்த அளவிலே உயிர் விட்டான் என்று காப்பியம் கூறும். எமது காலத்து அரசுகளிடம் உயிரை எவரும் கேட்கவில்லை, விடையைத்தான் கேட்கின்றனர். பெற்றோர் சிலர் அவ்விடை கிடையாமலே இறந்துபோயினர்.

கிழக்கிலங்கைச் சடங்கின் ஒழுங்கைச் சிந்திப்போர்க்கு இங்கே ஓர் உண்மை புலப்படும். அங்கே முதலில் வழக்குரை. அதன் பின்னரே குளிர்த்தி. பிறப்பு முதல் அநீதி வரை, அநீதி முதல் எரி வரை முழு வழக்கும் பாடப்பட்டு, ஊரார் அனைவரும் இரவிரவாக விழித்திருந்து கேட்ட பின்னரே அவளைக் குளிர்விக்கின்றனர். வழக்கைக் கேட்காது குளிர்வித்தால் அது சடங்காகாது என்பதை எழுத்தறியாத முன்னோர் அறிந்திருந்தனர். இன்று எம்மிடம் வந்து, பழையவற்றை மறவுங்கள், மனம் ஆறுங்கள் என்று உபதேசம் செய்வோர் பலர். அவர்கள் கேட்பது வழக்குரை இல்லாத குளிர்த்தி. கோயில் நிருவாகங்களும் வழக்குரைப் படிப்பைச் சுருக்கி ஒலிபெருக்கியின் பாட்டுக்கும் அலங்கார வளைவுக்கும் பணம் செலவிடுமாயின், அவர்கள் அறியாமலே அந்த உபதேசத்துக்குத் துணைபோகின்றனர்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதிற் செய்யவேண்டிய வேலை உண்டு. உயர்தர வகுப்பிற் சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது கண்ணகி வழக்குரையையும் அருகே வைத்துப் படிப்பித்தல் வேண்டும். மாணவர் தத்தம் ஊர்களின் அம்மன் கதைகளை முதியோரிடம், குறிப்பாக முதிய பெண்களிடம், கேட்டு எழுதுதல் வேண்டும். எழுதும்போது திருத்தலாகாது, கொச்சையென்று சொல்லை மாற்றலாகாது, சைவத்துக்கு ஒவ்வாதென்று காட்சியை நீக்கலாகாது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதென்று அற்புதத்தையும் நீக்கலாகாது. சொன்னவர் என்ன தொழில் செய்தார், எந்தக் குறிச்சியில் வாழ்ந்தார், கோயிலில் எங்கே நின்றார் என்பவற்றையும் குறித்தல் அவசியம். யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் ஏடுகளும் அவற்றைப் படிக்கத் தெரிந்தோரும் அருகிவிட்ட நிலையிலே இது நாளைக்கென ஒத்திப்போடக்கூடிய வேலையன்று.

தெய்வம் உண்டா என்னும் கேள்விக்கு எமது வாசகர் தத்தம் விடையைக் கொண்டிருப்பர். அவ்விடை எதுவாயினும், வற்றாப்பளைக்குச் செல்லும் மக்களின் வழக்கு உண்டு என்பது மறுக்கமுடியாத உண்மை. பசி, நோய், வறட்சி, சாதிக் கொடுமை, அந்நியர் அடக்குமுறை, காணாமற்போன பிள்ளை என்று காலத்துக்குக் காலம் அவ்வழக்கின் பொருள் மாறிவந்திருக்கின்றது. கேட்பதற்கு வேறு அவை இல்லாதபோது அவர்கள் அம்மனிடம் அதனைக் கொண்டுசென்றனர். நோய்க்கு மருந்து கண்டதுபோல மற்றைய குறைகளுக்கும் இவ்வுலகிலேயே தீர்வு காணமுடியும் என்று நம்புவோர் நாம். அந்நம்பிக்கை உடையோர் முதலிற் செய்யவேண்டியது, இக்கதைகளுள் இருக்கும் முறைப்பாட்டைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்பதே. வழக்குத் தீரட்டும், குளிர்த்தி அதன் பின்னர் வரட்டும்.